இரண்டு பேருக்கான தொட்டி

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குடியிருக்கும் தெருவிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பத்தொரு வருஷமாக உயரமான மேசைக்கு முன்னால் நின்றபடியே துணி வெட்டுகிறார். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடிப்பார். அளவை வாய்விட்டுச் சொல்லமாட்டார், எழுதி வைக்கவும் மாட்டார். மனசுக்குள் நாலால் வகுத்து, துணியை நாலாக மடித்து, சாக்பீஸால் ஒரே இழுப்பு. சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேல் தாராளத்துக்கு ஓர் அங்குலம். பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தாலும் நாலால் வகுத்துச் சட்டை போட்டுவிடுவார் என்று கடையில் கேலி உண்டு. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அவருடைய மனைவி அதே கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். பட்டன் நுழைகிற ஓட்டையைக் கத்தரித்து, ஓரம் பிரியாமல் நூல் போட்டு முடிக்கிற வேலை. பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் ஓட்டை ஒரு நூல் சின்னதானால் பட்டன் போகாது, ஒரு நூல் பெரிதானால் நிற்காது. ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருநூறு காஜா எடுப்பாள். வாயும் கையோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடும். இரண்டு வருஷமாக அந்த முக்காலி காலியாகக் கிடக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பாள். மீதி நாட்கள் வீட்டுக் கட்டிலில்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியேற வழி இல்லாததால், நாளொன்றுக்கு மூன்று டம்ளருக்கு மேல் தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த மூன்று டம்ளரை அவள் நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக் குடிப்பாள். ஒரு மடக்கு எடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, பேச்சு வரும்போதுதான் விழுங்குவாள்.

போன மாதம் டாக்டர் மாஸ்டரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

“இதயமும் சோர்ந்துபோச்சு. மிஷினைத் தாங்கற சக்தி குறைஞ்சுகிட்டே வருது. ஒரு ஆறு மாசம்னு வெச்சுக்குங்க. அதுக்கு மேல என்னால வார்த்தை கொடுக்க முடியாது.”

மாஸ்டர் தலையாட்டினார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி, “தண்ணிய மாத்தினா எப்படி சார்?” என்று கேட்டார்.

“என்ன தண்ணி?”

“எங்க வீட்டு போர்ல உப்புத் தண்ணி. இருபத்தாறு வருஷமா அதைத்தான் குடிச்சா. மழைத்தண்ணியா பிடிச்சுக் கொடுத்தா...”

“இது ரத்தக்கொதிப்பால வந்தது. தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார் டாக்டர். மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மழைத்தண்ணி குடிச்சா கெடுதல் ஒண்ணும் இல்ல. காய்ச்சிக் குடிக்கட்டும்” என்று சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பதிலில் கடைசித் துண்டை மட்டும் மாஸ்டர் வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அவருக்குக் கண்ணெதிரே சாட்சி இருந்தது. தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். பழைய கத்தரிக்கோலின் நுனியால் அதைச் சுரண்டினால் பட்டை பட்டையாகப் பெயர்ந்து வரும். இரும்புப் பாத்திரத்தையே இந்தப் பாடு படுத்துகிற தண்ணீர், மனுஷி உடம்புக்குள் சும்மா இருக்குமா? இதற்கு மேல் டாக்டரோடு என்ன பேச்சு? மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தொட்டி வந்தாக வேண்டும்.

மனைவியின் தம்பி பிளம்பர். தகரக் கூரையின் ஓரத்தில் வாய்க்கால் போல் குழாய் பொருத்தி, கொல்லைப்பக்கம் இறக்கிக் கொடுத்துவிட்டான். குளியலறைச் சுவருக்கும் போர் மோட்டாருக்கும் நடுவில் இருந்த இடத்தில் செங்கல் மேடையும் கட்டியாயிற்று. ஐந்தடிக்கு ஐந்தடி; ஒரு தொட்டி நிற்கலாம். தொட்டி வாங்குவதை மட்டும் மாஸ்டர் யாரிடமும் விடவில்லை.

தொட்டிக் கடை, லாரிகள் திரும்புகிற வளைவில் இருந்தது. கடைக்குள் இருந்ததைவிட வெளியேதான் சரக்கு அதிகம். மாஸ்டர் அங்கே மூன்று சாயங்காலம் போனார். தகரத் தொட்டியைப் பார்த்து, துரு ஏறும் என்று ஒதுக்கினார். மண்ணுக்குள் புதைக்கிற சிமெண்டுத் தொட்டி வேண்டாம், விரிசல் விட்டால் அதே உப்புத் தண்ணீர் உள்ளே ஊறும் என்றார். வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியைக் கடைக்காரரே வேண்டாம் என்றார். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்குமாம். கடைசியில் மூன்று அடுக்குக் கறுப்புத் தொட்டியில் வந்து நின்றார்கள். மாஸ்டர் அதன் வாயோரத்தை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், துணியின் கனம் பார்ப்பது போல.

“எவ்வளவு பெரிசு வேணும்?”

“நீங்கதான் சொல்லணும்.”

“குடிக்க, சமைக்க மட்டும்தானே? மழை நின்னதுலேருந்து அடுத்த மழை வரைக்கும் ஆறு மாசம். ஒரு ஆளுக்கு ஆயிரம் லிட்டர் வெச்சா தாங்கும். வீட்டுல எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப ரெண்டாயிரம். அடுத்த மழை வரைக்கும் ரெண்டு பேரும் கவலையில்லாம குடிக்கலாம்.”

அந்த வாக்கியத்தை மாஸ்டர் இன்னொரு தரம் கேட்க விரும்பியவர் போல், “அடுத்த மழை வரைக்குமா?” என்றார்.

“அடுத்த மழை வரைக்கும்.”

இந்த ஒரு மாதத்தில், அடுத்த வருஷத்தைப் பற்றி அவர்கள் இருவரையும் சேர்த்துப் பேசிய முதல் ஆள் அந்தக் கடைக்காரர்தான். மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

“அளவெல்லாம் லேபிள்லயே போட்டிருக்கு, அண்ணே.”

“அச்சடிச்ச அளவை நான் நம்பறதில்ல. ரெடிமேட் சட்டையில போட்டிருக்கற அளவு என்னிக்காவது சரியா இருந்திருக்கா?”

தையல்காரரின் டேப் அறுபது அங்குலம். தொட்டியைச் சுற்றி ஒருமுறை பிடித்து சாக்பீஸால் கோடு போட்டார், அங்கிருந்து இன்னொரு முறை, பிறகு மீதி நாற்பத்து மூன்று. ஆக நூற்று அறுபத்து மூன்று. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலால் வகுத்தாயிற்று: நாற்பத்தொன்றுகூட வரவில்லை. கொல்லைக்குப் போக ஒரே வழியான பக்கவாட்டுச் சந்து நாற்பத்தைந்து அங்குலம். நாலு அங்குலத்துக்கு மேல் தாராளம். “இதையே போடுங்க” என்றார்.

வீட்டில் அவள் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“எத்தனை லிட்டரு?”

“ரெண்டாயிரம்.”

“எனக்கு மூணு டம்ளர். அதுக்கு ரெண்டாயிரமா? கடலையே கொண்டாந்து கட்டில் பக்கத்துல கட்டி வைக்கப் போறீங்களா?”

“சமையலுக்கும் சேர்த்துத்தான்.”

“ஒரு ஆளுக்கு எவ்வளவாம்?”

மாஸ்டர் கொடியிலிருந்து துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்த பிறகுதான், “ஆயிரம்” என்றார்.

“அதை வாங்குங்க.”

“வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்.”

“இப்ப இருக்கோம். டாக்டர் உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாரே, அவருக்குச் சட்டை அளவு எடுக்கவா கூப்பிட்டாரு?”

“பேசாம படு.”

“பேசறதுக்கு எதுக்குத் தண்ணி? அது ஒண்ணைத்தான் எனக்கு அளந்து விடல.”

மறுநாள் தம்பி வந்து மேடையின் மட்டம் பார்த்தபோது, “சந்துல நுழையுமா மாமா?” என்று கேட்டான். நாற்பத்தைந்து, நாற்பத்தொன்று என்று மாஸ்டர் கணக்குச் சொன்னார். தம்பி அதை நம்பினான். இருபது வருஷமாக அவன் போட்ட சட்டை எல்லாம் அவர் வெட்டியது. ஒன்றுகூட இறுக்கிப் பிடித்ததில்லை, தொங்கியதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன லாரி வந்தது. சுமை ஆட்கள் இரண்டு பேர் தொட்டியை இறக்கி, நிமிர்த்தி, சந்து வாய் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே வந்ததும் தொட்டி ‘டொம்’ என்று இரண்டு சுவர்களிலும் முட்டி நின்றது. சாய்த்தார்கள். படுக்க வைத்தார்கள். எப்படிப் புரட்டினாலும் ஏதாவது ஒரு பக்கம் இடித்தது.

தெரு கூடிவிட்டது. இஸ்திரி போடுகிறவர் கரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

“மாஸ்டர், தையலைப் பிரிச்சு ஓரம் கொஞ்சம் விட்டுக் கொடுங்க.”

“தொட்டிக்கு டைட் பிட்டிங் போல!”

மாஸ்டர் மறுபடி டேப்பைப் பிடித்தார். நூற்று அறுபத்து மூன்று. சந்தை அளந்தார். நாற்பத்தைந்து. இரண்டும் சரியாகத்தான் இருந்தன. தம்பி ஒரு நீளக் குழாயை எடுத்து, தொட்டியின் தலைமேல் நடுவாகக் குறுக்கே வைத்து, தன் இரும்பு டேப்பால் அளந்தான். ஐம்பத்திரண்டு.

“மாமா, சுத்தளவை நாலால வகுத்தீங்களா?”

“பின்ன?”

“மூணால வகுக்கணும் மாமா. மூணுக்கும் கொஞ்சம் மேல.” தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “துணிதான் தட்டையா மடியும். இது உருளை.”

மாஸ்டர் தொட்டியைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மார்புகள்! ஒரு தடவைகூட அந்த வகுத்தல் அவரைக் காட்டிக் கொடுத்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

“சுவரைக் கொஞ்சம் செதுக்கினா?”

“ரெண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் செதுக்கணும். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரு.”

“மேல தூக்கி இறக்கினா?”

“கரண்ட் கம்பி போகுது பாருங்க. கிரேன் தெருவுக்குள்ளயே வராது.”

“வீட்டு வாசல்...”

“வாசல் முப்பத்திரண்டு மாமா.”

“ஆயிரமா ரெண்டு?”

“எங்க வைப்பீங்க? ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு.”

கேட்கக் கேட்க மாஸ்டரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில், “அப்ப தெருவுலயே நிக்கட்டும்” என்றார். சுமை ஆட்கள் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்து நின்றாள். கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினாலு தப்படி. நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் அடங்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள்.

“பட்டன் பெரிசு, காஜா சின்னது” என்றாள்.

தெருவே சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டான். மாஸ்டர் மட்டும் டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். சிரிப்பு அடங்கியதும் அவள் மூத்த சுமை ஆளைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதை எடுத்துட்டுப் போயி ஆயிரத்துல ஒண்ணு கொண்டாந்துடுங்க. கடைக்காரரு மாத்திக் கொடுப்பாருல்ல?”

“கொடுப்பாரும்மா. சார் சொன்னா...”

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் தொட்டியின் வயிற்றில் தான் போட்ட சாக்பீஸ் கோட்டை உள்ளங்கையால் அழித்துக்கொண்டிருந்தார். கோடு முழுசாக அழிந்த பிறகு நகர்ந்து வழிவிட்டார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

மத்தியானம் சின்னது வந்தது. ஒரே ஆள் அதைச் சைக்கிள் தள்ளுகிற மாதிரி சந்துக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டான். மேடைமேல் ஏற்றியபோது சுற்றிலும் செங்கல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டது போல. பிளம்பர் தம்பி குழாயை இணைத்து, தண்ணீர் தொட்டிக்குள் போவதற்கு முன்னால் அதில் ஒரு திருகு வைத்தான். “முதல் மழையை உள்ள விடாதீங்க. கூரையில இருக்கற தூசி, பறவை எச்சம் எல்லாம் அதுலதான் வரும். இதைத் திறந்து வெளியே விட்டுடுங்க” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு மாஸ்டர் அவளோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அவளைப் பார்த்தால் ஆயிரம் என்ற எண் ஞாபகம் வந்தது. அதனால் பார்க்காமல் இருந்தார்.

பதினோரு நாள் கழித்து மழை வந்தது. மாஸ்டர் கடையிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்து திருகைத் திறந்து வைத்தார். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பிறகு வெளிறியது. அவள் சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, சாக்கடைக்கு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

“போதுங்க. மூடுங்க. தெளிஞ்சிடுச்சு.”

“இன்னும் கொஞ்சம் போகட்டும்.”

“கூரை குளிச்சு முடிக்கறதுக்குள்ள மழை நின்னுடப் போகுது.”

நின்றேவிட்டது. தொட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை. ஆறு நாள் கழித்துத்தான் அடுத்த மழை. அதற்கு நடுவில் அவள் ஒரு தடவை இயந்திரத்தில் படுத்திருந்தபோதே நினைவு தப்பினாள். பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது மழை விட்டு விட்டு ஒரு பகல் முழுக்கப் பெய்தது. மாஸ்டர் ஏணி போட்டு ஏறி, குச்சியை விட்டுப் பார்த்தார். கால்வாசித் தொட்டி நிறைந்திருந்தது.

கடையிலிருந்து புது வெள்ளைத் துணி கொண்டுவந்து அலசி, நாலாக மடித்து, அதில் தண்ணீரை வடிகட்டினார். காய்ச்சினார். ஆறவைத்தார். பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தார். வெள்ளையாக ஒன்றும் ஒட்டவில்லை. மறுநாள் காலை, அவளுடைய மூன்றில் முதல் டம்ளராக அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் ஒரு மடக்கு எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினாள். விழுங்கினாள். இன்னொரு மடக்கு. பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் ஏன் வெச்சிட்ட?”

“வேற யார் வீட்லயோ தண்ணி வாங்கிக் குடிக்கற மாதிரி இருக்கு.”

“போகப் போகப் பழகிடும்.”

அவள் அவரைப் பார்த்தாள். கேலி இல்லை அந்தப் பார்வையில். கேலி இருந்திருந்தால் மாஸ்டருக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

“ஏங்க, எனக்கு மூணே டம்ளர். அதுல ஒண்ணைப் பழகறதுக்குச் செலவு பண்ணச் சொல்றீங்களா? நம்ம தண்ணியே கொடுங்க.”

“அந்தத் தண்ணிதான் உன்னை இப்படி ஆக்குச்சு.”

“சரி, ஆக்கிடுச்சு. இனிமே புதுசா என்ன ஆக்கப் போகுது?”

மாஸ்டர் எழுந்து அவள் மடியிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வேறொரு டம்ளரில் போர்த் தண்ணீரை ஊற்றினார். அவள் குடித்துவிட்ட இரண்டு மடக்கைக் கழிக்க வேண்டும் என்பது ஊற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது; அந்த அளவைத் திருப்பி எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் தெளிந்தது. அதை அவர் பார்த்தார்.

மறுபடி சமையலறைக்கு வந்தபோது, அவள் மிச்சம் வைத்த மழைத்தண்ணீர் அடுப்பு மேடைமேல் இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. நின்றபடியே குடித்தார். உப்பில்லை, கரிப்பில்லை, தொண்டையில் ஒட்டவில்லை. நல்ல தண்ணீராகத்தான் இருந்தது.